கிகாபிட் சுவிட்ச் இருந்தும் தவில் சத்தம் வெட்டுவது ஏன்? ஒலிக்கும் படத்துக்கும் வலையமைப்பில் இடம் ஒதுக்குவது பற்றி

இணுவில் பக்கம் ஒலி, நேரலைச் சேவை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோயில் திருவிழாவுக்கு டிஜிட்டல் மிக்சர், வசந்த மண்டபத்தடியில் ஒரு ஸ்டேஜ் பொக்ஸ் (மைக், ஸ்பீக்கர் வயர்களை வலையமைப்போடு இணைக்கும் பெட்டி), வெளிவீதி ஸ்பீக்கர்களுக்கு இன்னொன்று, மூன்று வலையமைப்புக் கமராக்கள், நேரலைக்கு ஒரு லேப்டொப், எல்லாவற்றையும் ஒரே கிகாபிட் வலையமைப்பில் கொழுவியிருக்கிறார்கள். பூசை நேரத்தில் யாராவது முதல்நாள் எடுத்த வீடியோவை வேறு கணினிக்குப் பிரதி எடுக்கத் தொடங்கினால் தவில் சத்தம் வெட்டி வெட்டி வருகிறது. சுவிட்சின் மீட்டரைப் பார்த்தால் முப்பது சதவீதம்கூடப் பாவனை இல்லை. ஒலிக்கும் படத்துக்கும் மட்டும் என்று பட்டையகலத்தை (வயரின் கொள்ளளவில் ஒரு பங்கை) ஒதுக்கி வைக்க முடியாதா, முடியுமென்றால் அது ரொறன்ரோவில் பார்க்கிறவர்கள் வரைக்கும் போகுமா என்பதுதான் கேள்வி.

முடியும். அதற்கென்றே எழுதப்பட்ட தரநிலைகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் கையில் இருக்கும் வயருக்குள் மட்டும்தான் முடியும், அதுவும் வழியில் உள்ள ஒவ்வொரு சுவிட்சும் அதற்கு உடன்பட்டால்தான். ரொறன்ரோ வரைக்கும் ஒதுக்க ஏலாது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: தம்பி, நீங்கள் சொல்லும் அந்தக் கோளாறுக்கு ஒதுக்கீடு தேவையே இல்லாமல் இருக்கலாம்.

முதலில் அந்த முப்பது சதவீதக் கணக்கைப் பார்ப்போம். மீட்டர் காட்டுவது சராசரி. ஒரு செக்கனுக்கோ சில நிமிடங்களுக்கோ எடுத்த சராசரி. சுவிட்சுக்குள் நடப்பது மைக்ரோசெக்கன் கணக்கில். பைல் பிரதி எடுக்கும் கணினி தரவை ஒரே சீராக அனுப்புவதில்லை. வயர் எவ்வளவு வேகத்தைத் தருமோ அவ்வளவு வேகத்தில் ஒரு கொத்து அனுப்பும், பதில் வரும்வரை நிற்கும், மறுபடி ஒரு கொத்து. அந்தக் கொத்து வரும்போது கமராவின் கொத்தும் அதே வெளிவாசலுக்குத்தான் (சுவிட்சில் வயர் கொழுவும் போர்ட்டுக்குத்தான்) போகவேண்டும் என்றால், இரண்டு கிகாபிட் உள்ளே வருகிறது, ஒரு கிகாபிட்தான் வெளியே போகிறது. மிச்சம் சுவிட்சின் நினைவகத்தில் வரிசை கட்டி நிற்கும். ஒரு மெகாபைட் வரிசை சேர்ந்தால் அது வெளியேற 8 மில்லிசெக்கன் எடுக்கும். உங்கள் ஸ்டேஜ் பொக்ஸில் ஒலி வந்து சேர்வதற்கு வைத்திருக்கும் அவகாசம் அநேகமாக 1 அல்லது 2 மில்லிசெக்கன். அந்த வரிசையின் பின்னால் நிற்கும் ஒலிப் பக்கெட் (ஒலித் தரவின் ஒரு துண்டு) பழுதில்லாமல் வந்து சேர்ந்தாலும் பிரயோசனம் இல்லை. அது ஒலிக்கவேண்டிய கணம் கடந்துவிட்டது. பைலுக்கு 8 மில்லிசெக்கன் ஒன்றுமே இல்லை, ஒரு பக்கெட் தொலைந்தாலும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒலிக்கு அந்த வசதி கிடையாது. தவிலில் இது பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், அதன் ஒவ்வொரு அடியும் ஒரு நொடிப்பொழுதில் எழும்பி அடங்கும் கூர்மையான ஒலி. சுருதிப் பெட்டியின் நீண்ட ஒலியிலும் அதே வெட்டு விழுந்திருக்கும், கேட்பது சின்னக் கரகரப்பாகத்தான் இருக்கும்.

ஆகவே இங்கே குறைவது மொத்த வேகம் அல்ல. ஒரு சில மில்லிசெக்கனுக்குள் வரிசையில் யார் முன்னே நிற்பது என்பதுதான் விஷயம்.

இதற்கு எளிய மருந்து முன்னுரிமை. கியூஓஎஸ் என்று சுவிட்சின் பக்கத்தில் இருக்குமே, அதுதான். ஒலிப் பக்கெட்டில் ஒரு அடையாள எண் இருக்கும், சுவிட்ச் அதைப் பார்த்துத் தனி வரிசையில் விட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அனுப்பும். ஒலியை வலையமைப்பில் அனுப்பும் டான்டே என்ற முறையில் இயங்கும் கருவிகள் இதைத் தாங்களாகவே செய்கின்றன: கருவிகளின் நேரத்தை ஒத்துவைக்கும் கடிகாரப் பக்கெட்டுக்கு 56, ஒலிப் பக்கெட்டுக்கு 46 என்று, டிஎஸ்சிபி எனப்படும் அந்த அடையாள எண்ணைக் குத்தி அனுப்பும். சுவிட்சில் அந்த எண்களை நம்பு என்று சொல்லி, 56ஐ உச்ச வரிசைக்கும் 46ஐ அதற்கு அடுத்ததற்கும் போட்டால் போதும். அதன் பிறகு ஒலிப் பக்கெட் ஆகக் கூடியது எவ்வளவு காத்திருக்கவேண்டும்? ஏற்கெனவே வெளியே போய்க்கொண்டிருக்கும் ஒரு பிரேம், அதாவது வயரில் ஒரே துண்டாகப் போகும் தரவு, முடியும்வரை. முழு அளவான ஈதர்நெட் பிரேம் ஒன்று கிகாபிட்டில் போக 12 மைக்ரோசெக்கன் அளவில்தான் ஆகும். நான்கு சுவிட்ச் தாண்டினாலும் 50 மைக்ரோசெக்கன். தவில் பிழைத்துக்கொள்ளும். நூறு மெகாபிட் வயரில் அதே பிரேமுக்கு 123 மைக்ரோசெக்கன் எடுக்கும். பழைய நூறு மெகாபிட் சுவிட்ச் ஒன்று நடுவில் ஒளிந்திருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

பிறகு ஒதுக்கீடு எதற்கு? முன்னுரிமைக்கு எண்ணத் தெரியாது. உச்ச வரிசையில் எவ்வளவு பேர் நிற்கிறார்கள், வயரில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. மூன்று கமராவுக்கும் முன்னுரிமை கொடுத்து வைத்திருக்கிறீர்கள். தேர்த் திருவிழாவன்று கோபுரத்தடியில் நாலாவது கமரா வைக்கிறீர்கள், அதற்கும் கொடுக்கிறீர்கள். திரைக்குப் போகும் படத்துக்கும் கொடுக்கிறீர்கள். ஏதோ ஒரு வயரில் மொத்தம் கொள்ளளவைத் தாண்டியதும், கடைசியாக வந்தது மட்டும் கெடாது, ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த எல்லாமே சேர்ந்து கெடும். யாரைப் பிழை சொல்வதென்றும் தெரியாது. ஒதுக்கீட்டின் உண்மையான பெறுமதி இந்த இடத்தில்தான் இருக்கிறது: இடமில்லை என்றால் இல்லை என்று, ஸ்ட்ரீம் (ஒரு ஒலி அல்லது பட ஓட்டம்) தொடங்குவதற்கு முன்பே, புதிதாக வருகிறவருக்கு மட்டும் சொல்லும். ஏற்கெனவே ஏறியவர்களுக்கு ஒன்றும் ஆகாது. யாழ்தேவியில் இருக்கை பதிவு செய்வதும் வாசலில் முண்டியடித்து முதலில் ஏறுவதும் எப்படி வேறோ, அப்படித்தான் இந்த இரண்டும் வேறு. ஒரு வித்தியாசம் மட்டும்: பதிவு செய்த இருக்கையில் ஆள் வராவிட்டால் அது வெறுமையாகப் போகும். வலையமைப்பில் ஒதுக்கிய இடத்தை அந்த ஸ்ட்ரீம் பாவிக்காத கணத்தில் சாதாரணப் பக்கெட்டுகள் பாவித்துக்கொள்ளும். அதனால் ஒதுக்கினால் வீணாகிவிடுமே என்று பயப்படத் தேவையில்லை.

இந்த யோசனை புதிதல்ல. முழு இணையத்திலுமே இப்படி ஒதுக்கலாம் என்று 1997இல் ஆர்எஸ்விபி என்ற நெறிமுறை வந்தது. பெறுகிறவர் தனக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்பார், வழியில் உள்ள ரூட்டர்கள் ஒவ்வொன்றும் அதைக் குறித்து வைக்கும், ஏறத்தாழ அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவேண்டும். ஒரு நிறுவனத்துக்குள் இது நடக்கும். இலட்சக்கணக்கான ஓட்டங்கள் கடந்து போகும் முதுகெலும்பு ரூட்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கவேண்டும் என்றால் கட்டுப்படியாகாது. அதோடு, ஒரு கம்பனியின் வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக இன்னொரு நாட்டுக் கம்பனி ஏன் தன் வயரில் இடம் ஒதுக்கவேண்டும்? அதற்கு யார் காசு கொடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 1998இல் வந்த, அடையாள எண்ணை மட்டும் பார்க்கும் எளிய முறைதான் நிலைத்தது. மேலே சொன்ன 46 அந்த வழியில் வந்ததுதான்.

ஒதுக்கீடு மறுபடி உயிர்பெற்றது ஈதர்நெட்டுக்குள். மின், மின்னணுப் பொறியியலாளர்களின் ஐஇஇஇ அமைப்பின் 802.1 குழு 2009 தொடக்கம் 2011 வரையில் சில தரநிலைகளை அடுத்தடுத்து முடித்தது. சேர்த்து ஏவிபி என்பார்கள், ஒடியோ வீடியோ பிரிட்ஜிங். இடத்தை ஒதுக்கும் எஸ்ஆர்பி நெறிமுறை 802.1கியூஏடி என்ற பெயரில் 2010இல் வந்தது. ஒதுக்கிய இடத்துக்குள் சீராக அனுப்பும் முறை 802.1கியூஏவி. எல்லாக் கருவிகளின் கடிகாரத்தையும் ஒன்றாக ஓடவைப்பது 802.1ஏஎஸ். 2012இல் அந்தக் குழு தன் பெயரை டிஎஸ்என் (நேரம் தவறாத வலையமைப்பு) என்று மாற்றிக்கொண்டது. ஆலைகளும் வாகனங்களும் இதையே கேட்கத் தொடங்கியதுதான் காரணம்.

எஸ்ஆர்பி வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அனுப்பும் கருவி, உங்கள் ஸ்டேஜ் பொக்ஸ் என்று வைப்போம், முதலில் ஒரு அறிவிப்பு விடும். என்னிடம் இந்த இலக்கமுள்ள ஸ்ட்ரீம் இருக்கிறது, ஒரு பிரேமின் அளவு ஆகக் கூடியது இவ்வளவு, 125 மைக்ரோசெக்கனுக்கு இத்தனை பிரேம் அனுப்புவேன் என்று. ஸ்ட்ரீமின் இலக்கம் 64 பிட் நீளம்: கருவியின் மாக் முகவரியோடு (ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி எண்) ஒரு 16 பிட் எண் சேர்ந்தது, அதனால் இரண்டு கருவிகளின் இலக்கம் மோதாது. அறிவிப்பு ஒவ்வொரு சுவிட்சாகத் தாண்டும்போது அந்தச் சுவிட்ச் தன் வெளிவாசலில் இவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், என் வழியாகப் போனால் ஆகக் கூடிய தாமதம் இவ்வளவு என்று தன் பங்கையும் கூட்டி எழுதி அடுத்ததற்கு அனுப்பும். மிக்சருக்கு அறிவிப்பு வந்து சேரும்போது, ஒரு சொட்டு ஒலி வருவதற்கு முன்பே, மிக மோசமான நிலையில் எவ்வளவு தாமதமாகும் என்பது அதற்குத் தெரிந்துவிடும். இதைத்தான் நான் வலையமைப்புத் தரும் வாக்குறுதி என்பேன்.

வழியில் ஒரு சுவிட்சில் இடம் இல்லை என்றால், அந்தச் சுவிட்ச் அறிவிப்பையே தோல்வி அறிவிப்பாக மாற்றி, எந்தச் சுவிட்சில், என்ன காரணத்துக்காக என்பதையும் எழுதி அனுப்பும். திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை.

மிக்சருக்கு அந்த ஸ்ட்ரீம் வேண்டுமென்றால், நான் தயார் என்று வந்த வழியே பதில் அனுப்பும். இந்தப் பதில் ஒவ்வொரு சுவிட்சைத் தாண்டும்போதுதான் அங்கே இடம் உண்மையில் பூட்டப்படுகிறது. யாரும் கேட்காத ஸ்ட்ரீமுக்கு எந்த வயரிலும் இடம் போகாது. இரண்டு பேர் கேட்டு, வழி பிரியும் இடம்வரை ஒரே வயர் என்றால், அந்த வயரில் ஒருமுறைதான் ஒதுக்கப்படும். ஒரு கருவியைக் கழற்றினால் அதன் ஒதுக்கீடு தானாக விடுபடும்.

இப்படி ஒதுக்கக்கூடியது ஒவ்வொரு வாசலின் வேகத்திலும் இயல்பாக 75 சதவீதம்தான். மிச்சம் 25 மற்ற எல்லாப் பாவனைக்கும் எப்போதும் இருக்கும். இது நல்ல ஏற்பாடு: மிக்சரை டப்லெட்டிலிருந்து இயக்கும் கட்டளைகூட அந்த மிச்சத்தில்தான் போகவேண்டும். ஸ்ட்ரீம்களில் இரண்டு வகுப்பு உண்டு. முதல் வகுப்பு ஏழு தாவல் (ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குப் போகும் வயர்த் துண்டு) தாண்டியும் 2 மில்லிசெக்கனுக்குள், இரண்டாவது 50 மில்லிசெக்கனுக்குள். மேடைக்கு முதல் வகுப்புத்தான்.

இடத்தைப் பூட்டினால் மட்டும் போதாது. ஒதுக்கீடு பெற்ற ஸ்ட்ரீம் தன் ஒரு செக்கன் பங்கை ஒரே மூச்சில் கொட்டிவிட்டால் பக்கத்து ஸ்ட்ரீம் காத்திருக்கவேண்டி வரும். அதனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு வரவு வைத்திருப்பார்கள். பிரேம் காத்திருக்கும்போது வரவு ஏறும், அனுப்பும்போது இறங்கும், சுழியத்துக்குக் கீழே போனால் மறுபடி ஏறும்வரை அனுப்ப விடமாட்டாது. ஏறும் வேகம்தான் அந்த வகுப்புக்கு ஒதுக்கிய பட்டையகலம். விளைவாக, உச்ச வரிசையில் இருப்பதும் தன் பங்கைவிட ஒரு துளி கூடுதலாக எடுக்க முடியாது. வெறும் முன்னுரிமையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது, பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இரண்டு சனல் ஒலி, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்: பெருக்கினால் 2.3 மெகாபிட். ஆனால் முதல் வகுப்பில் செக்கனுக்கு 8,000 பிரேம் போகவேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு சனலுக்கு ஆறே ஆறு மாதிரிகள்தான் இருக்கும். மாதிரி ஒன்றுக்கு நான்கு பைட் என்று வைத்தால் இரண்டு சனலுக்கு 48 பைட் சரக்கு. அதன்மேல் தலைப்புகள், முன்னடையாளம், பிரேம்களுக்கிடையிலான இடைவெளி எல்லாம் சேர்ந்து 74 பைட் அளவில் வரும். மொத்தம் 122 பைட்டை 8,000 தடவை அனுப்பினால் 7.8 மெகாபிட். சரக்கைவிட உறை பெரிது. அதே முறையில் எட்டுச் சனலை ஒரே ஸ்ட்ரீமாக அனுப்பினால் 192 பைட் சரக்கு, அதே 74 பைட் உறை, மொத்தம் 17 மெகாபிட்தான். நான்கு இரண்டுசனல் ஸ்ட்ரீமாக அனுப்பினால் 31 ஆகியிருக்கும். ஆகவே தவில், நாதஸ்வரம், ஓதுவார் மைக், அர்ச்சகர் மைக் எல்லாவற்றையும் தனித்தனி ஸ்ட்ரீமாக்காமல் எட்டெட்டாகக் கட்டுங்கள். கிகாபிட் வயரின் 75 சதவீதத்தில் எட்டுச்சனல் ஸ்ட்ரீம் 44 போகும், 352 சனல். நம் ஊரில் எந்தத் திருவிழாவுக்கும் அது தேவைப்படாது.

படம் வேறு கதை. சுருக்காத 1080 வரிப் படம், செக்கனுக்கு 25 படச்சட்டம், ஒரு புள்ளிக்கு 20 பிட் என்றால் 1.04 கிகாபிட். கிகாபிட் வயருக்குள் ஒன்றுகூடப் போகாது. அதனால்தான் வலையமைப்புக் கமராக்கள் சுருக்கி அனுப்புகின்றன. மெல்லிய சுருக்கமுள்ளவை ஒரு கமராவுக்கு நூறு மெகாபிட்டுக்கு மேலே எடுக்கும், கடுமையாகச் சுருக்குபவை பத்து, இருபதோடு நிற்கும். உங்கள் மூன்றும் முதல் வகை என்று நினைக்கிறேன். முப்பது சதவீதம் என்று நீங்கள் பார்த்ததில் பெரும்பங்கு அவைதான். இந்தக் கமராக்கள் பெரும்பாலும் எஸ்ஆர்பி பேசாது என்பதையும் கவனியுங்கள். அவற்றுக்கு இடம் ஒதுக்கும்படி கேட்க ஆளில்லை.

கடிகாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். வெளிவீதியில் தூரத் தூர வைத்திருக்கும் ஸ்பீக்கர்களை நினையுங்கள். ஒலி காற்றில் 34 மீற்றர் போக 100 மில்லிசெக்கன் எடுக்கும். அதனால் தூர ஸ்பீக்கருக்கு அளந்து தாமதம் வைக்கிறோம். வலையமைப்பு ஒரு பெட்டிக்கு 1 மில்லிசெக்கனிலும் இன்னொன்றுக்கு நேரத்துக்கு நேரம் மாறி மாறியும் கொண்டுபோய்க் கொடுத்தால், பக்கத்துப் பக்கத்து ஸ்பீக்கர்களின் ஒலி ஒன்றோடொன்று கலந்து குழம்பும். ஏவிபியில் எல்லாக் கருவியின் கடிகாரமும் ஒரு மைக்ரோசெக்கனுக்குள் ஒத்திருக்கும். ஒவ்வொரு ஒலிப் பிரேமிலும், இதை இத்தனை மணிக்கு ஒலிக்கவிடு என்று எதிர்கால நேரம் ஒன்று எழுதப்பட்டிருக்கும். ஒரு சுவிட்ச் தள்ளியிருக்கும் பெட்டி தரவை முன்னமே பெற்றாலும் பிடித்து வைத்திருந்து, ஐந்து சுவிட்ச் தள்ளியிருக்கும் பெட்டியோடு ஒரே கணத்தில் விடும். தாமதம் குறைவாக இருப்பதைவிட மாறாமல் இருப்பது முக்கியம். மாறாத தாமதத்தை மீற்றர் நாடாவால் அளந்து சரிக்கட்டலாம். மாறிக்கொண்டே இருப்பதை எதனாலும் சரிக்கட்ட ஏலாது.

சரி, ரொறன்ரோ. உங்கள் ரூட்டரைத் தாண்டியதும் மேலே சொன்ன எதுவும் செல்லாது. நல்லூர்த் தேரைக் கனடாவிலும் இலண்டனிலும் இருந்து பார்க்கிறவர்களுக்கு இடையில் பல கம்பனிகளின் வயர் இருக்கிறது, ஒருவரும் உங்கள் ஸ்ட்ரீமுக்கு இடம் பூட்டித் தரமாட்டார்கள். நல்லவேளையாக, அங்கே அது தேவையும் இல்லை. யூடியூப்பில் பார்க்கிறவருக்குப் படம் பல செக்கன் பிந்தித்தான் போகிறது. அந்தச் செக்கன்களுக்குள் தொலைந்த பக்கெட்டைத் திரும்ப அனுப்ப நேரம் தாராளமாக இருக்கிறது. அவர்களுக்குப் படம் நின்று நின்று போவதற்கு அநேகமாக உங்கள் பக்கத்து வாசல்தான் காரணம், மேலேற்றும் வேகம்.

அங்கே செய்யக்கூடிய மிக நல்ல காரியம், வரிசையை உங்கள் கைக்குள் கொண்டுவருவது. வீட்டு ரூட்டர், டொங்கிள் போன்றவை பல செக்கன் அளவுக்குத் தரவைத் தங்களுக்குள் அடுக்கி வைத்திருக்கும். அதே இணைப்பில் ஒருவர் போன் படங்களை மேலேற்றத் தொடங்கினால் நேரலைப் பக்கெட் அந்த அடுக்கின் அடியில் மாட்டும். ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் உள்ள ரூட்டரில், வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் என்ற வசதியை இயக்கி, மேலேற்றும் எல்லையை உண்மையாகக் கிடைக்கும் வேகத்தின் 85, 90 சதவீதத்துக்கு வைத்தால், நெரிசல் அந்த மோசமான பெட்டிக்குள் உருவாகாமல் உங்கள் ரூட்டரிலேயே உருவாகும். அங்கே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முறை வைத்துப் பகிர்ந்து கொடுக்கலாம். மைக்ரோடிக் ரூட்டர் வைத்திருந்தால் அதன் கியூ அமைப்பிலும் இதைச் செய்யலாம். என்கோடரின் (நேரலைப் படத்தைச் சுருக்கி அனுப்பும் மென்பொருள் அல்லது கருவி) வேகத்தை, சாயந்தரத்தில், ஊரே இணையத்தில் இருக்கும் நேரத்தில் அளந்த மேலேற்றும் வேகத்தின் பாதிக்கு மேல் வைக்காதீர்கள். 4ஜி என்றால் இன்னும் கீழே. திருவிழாக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கான போன்கள் அதே கைபேசிக் கோபுரத்தைப் பாவிக்கும்போது, காலையில் அளந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எஸ்ஆர்டி முறையில் (தொலைந்த பக்கெட்டைத் திரும்ப அனுப்பும் நேரலை நெறிமுறை) அனுப்ப முடிந்தால் இரண்டு, மூன்று செக்கன் அவகாசம் வைத்து அனுப்புங்கள்.

இங்கே ஒரு கோரிக்கை அடிக்கடி வருகிறது: இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பிள்ளை பாட, இங்கே மிருதங்கம் வாசிக்க முடியாதா என்று. கதைப்பதற்கு ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் போதும் என்பது ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் வழிகாட்டல், அது கிடைக்கலாம். தாளம் சேர்ந்து போடுவதற்கு முப்பது மில்லிசெக்கனுக்கு மேல் போனாலே கை தடுமாறும். ஒளி கண்ணாடி இழையில் 200 கிலோமீற்றர் போக ஒரு மில்லிசெக்கன் எடுக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ நேர்கோட்டில் 13,000 கிலோமீற்றருக்கு மேல், ஆக ஒரு பக்கத்துக்கே 65 மில்லிசெக்கன் குறையாது, கடலடி இழை சுற்றிப் போவதால் உண்மையில் இன்னும் கூட. எந்த ஒதுக்கீடும் இதைக் குறைக்காது. பிள்ளை பாடியதை முதலில் பதிவாக வாங்கி, அதற்கு இங்கே வாசித்து, சேர்த்து வெளியிடுவதுதான் வழி.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். மிக்சரும் ஸ்டேஜ் பொக்ஸும் எந்த முறை என்று முதலில் பாருங்கள். டான்டே என்றால் எஸ்ஆர்பி ஒதுக்கீட்டை அது பாவிப்பதில்லை. ஏவிபி சுவிட்சுக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கி அதில் டான்டேயைக் கொழுவினால் ஒதுக்கீடு எதுவும் நடக்காது. கியூஓஎஸ் உள்ள நல்ல கிகாபிட் சுவிட்ச் போதும். ஏவிபி, அல்லது அதன்மேல் கட்டிய மிலான் என்றால், வழியில் உள்ள ஒவ்வொரு சுவிட்சும் ஏவிபி தெரிந்ததாக இருக்கவேண்டும். நடுவில் ஒரேயொரு சாதாரண சுவிட்ச் வந்தால் அதற்கு இரு பக்கமும் உள்ளவை ஒன்றையொன்று ஏவிபி வட்டத்துக்குள் சேர்க்காது, ஒதுக்கீடு அங்கேயே அறுந்துவிடும். நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எட்டு வாசல் சுவிட்சுகள் எல்லாம் இந்தச் சாதாரண வகைதான். வைஃபையை ஒலிப் பாதையில் எந்த முறையிலும் வைக்காதீர்கள், டப்லெட்டிலிருந்து மிக்சரை இயக்க மட்டும் பாவியுங்கள்.

எந்த முறையாக இருந்தாலும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்யும் முதல் வேலை ஒலிக்கென்று தனிச் சுவிட்சும் தனி வயரும் போடுவது. கமராவும் பைல் பிரதி எடுக்கும் கணினியும் வேறு சுவிட்சில். நேரலை லேப்டொப்புக்கு ஒலியை மிக்சரிலிருந்து யூஎஸ்பி வழியாகக் கொடுத்தால் இரண்டு வலையமைப்பும் தொடவே தேவையில்லை. நூறு சதவீத ஒதுக்கீடு அதுதான், எந்தத் தரநிலையும் இல்லாமல், ஒரு சுவிட்சின் விலைக்கு. கோயிலின் அமைப்பால் ஒரே வயரில்தான் எல்லாம் போகவேண்டும் என்ற இடங்களில் மட்டும் வீலான் (ஒரே வயருக்குள் தனித்தனி வலையமைப்பு) பிரித்து முன்னுரிமை கொடுங்கள். மின் சேமிப்பு ஈதர்நெட் என்று ஒரு தெரிவு இருக்கும், ஒலிச் சுவிட்சில் அதை நிறுத்திவிடுங்கள். வயர் உறங்கி எழும்பும் நேரம் கடிகாரத்தைக் கெடுக்கும்.

மின்சாரத்தையும் மறக்காதீர்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் சுவிட்ச் அணைந்தால், அது திரும்ப எழும்பி, கடிகாரம் ஒத்து, ஒதுக்கீடுகள் எல்லாம் மறுபடி கேட்டுப் பூட்டப்பட்டு ஒலி வர ஒரு நிமிடத்துக்கு மேலே ஆகலாம். மிக்சருக்கு யூபிஎஸ் வைத்திருப்பவர்கள்கூடச் சுவிட்சை வெறும் பிளக்கில் விட்டுவிடுகிறார்கள். சுவிட்சுக்கு வேண்டியது சில வாட்தான், சின்ன யூபிஎஸ் ஒன்றே பல மணிநேரம் தாங்கும்.

கொடியேற்றத்துக்கு முன் ஒரு நாள் எல்லாவற்றையும் முழுமையாகக் கொழுவி, ஒரு தவில் பதிவை ஓடவிட்டு, அதே நேரம் பெரிய பைல் ஒன்றைப் பிரதி எடுத்து, எல்லாக் கமராவையும் இயக்கி, அரை மணித்தியாலம் விடுங்கள். காதை மட்டும் நம்பாமல் மிக்சரில் அல்லது அதன் மென்பொருளில் பிந்திய, தொலைந்த பக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள். அது சுழியத்தில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் மிக்சர், ஸ்டேஜ் பொக்ஸ், சுவிட்ச் மூன்றின் மாடல் இலக்கத்தையும் எது எதில் கொழுவியிருக்கிறது என்ற படத்தையும் அனுப்புங்கள், எந்த வாசலில் அடைபடுகிறது என்று சேர்ந்தே பார்க்கலாம்.